கையெழுத்து வைக்க முன்னம்

(சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சட்டம் படித்தவன் இல்லை. ஊரில் ஏ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுவிட்டது. பார்க் றோயல் பக்கம் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். வீடு வாங்கும் காலத்தில் வந்த கடதாசிகளை அகராதியும் கையுமாக இருந்து வாசிக்கப் பழகினேன். அதற்குப் பிறகு வேலைத்தலத்தில் யாருக்காவது வீட்டு விஷயமாக ஒரு கடிதம் வந்தால், "தம்பி, இதை ஒருக்கா பாரும்" என்று கொண்டுவருவார்கள். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். எங்கள் செயலாளர் அண்ணை விடாமல் கேட்டபடியால் இந்த மேடைக்கு வந்தேன். பிழைபொறுத்துக் கேளுங்கோ.

இன்றைய விஷயம் இதுதான். வீடு வாங்கும்போதோ விற்கும்போதோ, "உங்களோடு மட்டும்தான் நாங்கள் இந்த அலுவலைப் பார்ப்போம்" என்று எஸ்ரேற் ஏஜென்ற் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கை. அதில் கையெழுத்து வைத்தால் நாங்கள் எதற்குக் கட்டுப்படுகிறோம், எந்த நேரத்தில் காசு கொடுக்க வேண்டி வரும், எப்போது விடுபடுவோம் என்பதைப் பார்ப்போம்.

இந்தக் கட்டுப்பாடு எங்கட சனத்துக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமையில் முன்கொள்வனவு உரிமை என்று ஒன்று இருக்கிறது. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முதல் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரும். 1947இல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. ஆகவே காணி என் பெயரில் இருந்தாலும் நினைத்த மாதிரி விற்க முடியாது என்பது எங்கட அப்பு ஆச்சிமாருக்குத் தெரியும். அங்கே நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் காணி உறுதி எழுத முடியாது என்பதும் தெரியும். இங்கே வந்த பிறகுதான், மேசையில் வைத்த கடதாசியை வாசிக்காமல் கையெழுத்து வைக்கும் பழக்கம் எங்களில் சிலருக்கு வந்திருக்கிறது.

முதலில் வாங்குபவரின் பக்கத்தைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் எஸ்ரேற் ஏஜென்ற் விற்பவரின் ஆள். அவருக்குக் கொமிசன் கொடுப்பது விற்பவர். கூடிய விலைக்கு விற்றால் அவருக்குக் கூடிய கொமிசன். அவர் சிரித்துப் பேசலாம், தேத்தண்ணி தரலாம், எங்கட ஊராளாகவும் இருக்கலாம். "அண்ணை, நான் உங்களுக்காகத்தான் பாக்கிறன்" என்று சொல்லவும் கூடும். ஆனாலும் அவர் கடமைப்பட்டிருப்பது விற்பவருக்கு. உங்களால் எவ்வளவு வரைக்கும் போக முடியும் என்று அவரிடம் சொன்னால் அது விற்பவரிடம் சொன்ன மாதிரித்தான்.

ஆகவே சாதாரணமாக வீடு பார்க்கப் போகும் ஒருவர் அந்த ஏஜென்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீட்டைப் பார்ப்பதற்கும் விலை கேட்பதற்கும் உங்களை ஒருவரும் ஒரு ஏஜென்றோடு கட்டிப்போட முடியாது. விற்பவர் ஒரு ஏஜென்றோடு மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கட்டு விற்பவருக்குரியது. நீங்கள் பத்து ஏஜென்றிடம் போகலாம்.

இன்னொன்றும் நடக்கிறது. "எங்கட மோட்கேஜ் ஆளிடம்தான் நீங்கள் மோட்கேஜ் எடுக்க வேணும், இல்லாவிட்டால் உங்கட ஓஃபரை விற்பவருக்குச் சொல்ல மாட்டோம்" என்ற மாதிரிக் கதைப்பார்கள். நேரே அப்படிச் சொல்லாமல், "எங்கட ஆளிடம் எடுத்தால் உங்களுக்கு நல்லது" என்று அழுத்துவார்கள். 1991இல் வந்த ஒரு சட்ட ஆணையின்படி இது தகாத நடைமுறை. ஏஜென்ற் தன் மற்றச் சேவைகளை எடுக்கவில்லை என்பதற்காக ஒரு கொள்வனவாளரைப் பாகுபாடாக நடத்தக் கூடாது. வருகிற ஓஃபர்களைச் சுணக்காமல் எழுத்தில் விற்பவருக்கு அறிவிக்கவும் வேண்டும். "எனக்கு மோட்கேஜ் பார்க்க ஆள் இருக்கு, நன்றி" என்று சொல்லிவிட்டு, உங்கள் ஓஃபரை ஈமெயிலில் போடுங்கோ. எழுதின சொல்லுக்கு இந்த நாட்டில் பெறுமதி கூட.

விலை பேசி, "சரி" என்று விற்பவர் சொல்லிவிட்டால் வீடு எங்களுக்கு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில், இரு பகுதியாரும் கையெழுத்து வைத்ததாக இருக்க வேண்டும். சொலிசிற்றர்மார் ஒப்பந்தங்களைப் பரிமாறும் நாள் வரைக்கும் இரண்டு பேரும் விலகலாம். அந்த நாள் வந்ததும், வழமையாக விலையில் 10 வீதம் வைப்புப் பணமாகக் கட்டுகிறோம். அதற்குப் பிறகு விலகினால் அந்தக் காசு போகும். அதற்கு முதல் விலகினால் சேர்வேக்கும் சொலிசிற்றருக்கும் செலவழித்த காசு மட்டும்தான் போகும்.

இந்த இடைக்காலத்தில்தான் வேறொருவர் கூடிய விலை சொல்லி வீட்டைத் தட்டிப் பறிப்பார். இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. அதை லொக்-அவுட் உடன்படிக்கை என்பார்கள். "இத்தனை நாளுக்கு வேறு ஒருவரோடும் பேச மாட்டேன்" என்று விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. 1992இல் பிரபுக்கள் சபைக்கு வந்த ஒரு வழக்கில், கால எல்லை சொல்லாத இப்படியான வாக்கு செல்லாது என்று தீர்ந்தது. அடுத்த வருஷம், 1993இல், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போட்டி போட்டு விலை ஏற்றினார்கள். கடைசியில் ஒருவருக்கு, இரண்டு கிழமைக்கு வேறு ஆளைப் பார்க்க மாட்டோம் என்று விற்பவர் பகுதி வாக்குக் கொடுத்தது. பிறகு கூடிய விலைக்கு மற்றவருக்கு விற்றுவிட்டது. இரண்டு கிழமை என்று கால எல்லை இருந்தபடியால் அந்த வாக்குச் செல்லும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒரு கால எல்லைதான் வித்தியாசம். உங்கள் சொலிசிற்றரிடம் இதைப் பற்றிக் கேளுங்கோ. எல்லா விற்பவரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை.

இப்போது வாங்குபவர் உண்மையில் மாட்டுப்படும் இடத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் வீட்டின் விலை குறைவாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் "மொடர்ன் மெதட் ஒஃப் ஒக்சன்" என்று போட்டிருக்கும். புதுமுறை ஏலம். பழைய ஏலத்தில் சுத்தியல் விழுந்த அந்த நிமிஷமே ஒப்பந்தம் முடிந்துவிடும். இதில் அப்படியில்லை. வென்றவர் ஒரு றெசெவேசன் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்து, றெசெவேசன் கட்டணம் கட்ட வேண்டும். அது பல வீடுகளுக்கு 6,000 பவுணுக்கு மேலே போகிறது. பெரும்பாலும் அது வீட்டு விலையில் கழிபடாது, விலைக்கு மேலதிகம். வீட்டை முடித்து எடுக்கப் பொதுவாக 56 நாள் தவணை. அந்தக் காலத்துக்குள் வங்கி மோட்கேஜ் தரவில்லை என்றாலும், நீங்கள் மனம் மாறினாலும் காசு திரும்பாது. விற்பவர் அந்தக் காலத்தில் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் இருப்பார் என்பது உங்களுக்குக் கிடைக்கும் நன்மை. கையில் முழுக் காசோடு வாங்குபவருக்கு இது சரிவரலாம். சம்பளத் துண்டும் இரண்டாவது வேலையின் கணக்கும் காட்டி, வங்கியோடு மல்லுக்கட்டி மோட்கேஜ் எடுக்கும் எங்களுக்கு 56 நாள் பறந்துவிடும். மோட்கேஜ் விஷயம் உறுதியாகாமல் இந்தக் கடதாசியில் கை வைக்காதேங்கோ.

இனி விற்பவரின் பக்கம். "நாங்கள் வாங்க வந்த சனம், இது எங்களுக்கு எதற்கு" என்று நினைக்க வேண்டாம். இரண்டு அறை வீட்டை விற்று மூன்று அறை வீடு வாங்கப் போகும் குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே பல இருக்கின்றன. அந்த நாளில் நீங்கள்தான் ஏஜென்றின் கட்சிக்காரர். அப்போதுதான் கட்டு உங்கள் கழுத்தில் விழுகிறது.

1979ஆம் ஆண்டு எஸ்ரேற் ஏஜென்ற் சட்டமும் 1991ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் ஏஜென்ற் தன் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்கின்றன. அதோடு மூன்று சொற்றொடர்களைப் பாவித்தால் அவற்றின் கருத்தையும் விளக்கி எழுத வேண்டும். அந்த மூன்றையும் மனத்தில் வையுங்கோ.

முதலாவது, சோல் ஏஜென்சி. அந்தக் காலத்துக்குள் அந்த ஏஜென்றோ வேறு ஏஜென்றோ கொண்டுவந்த ஆளுக்கு விற்றால் இவருக்குக் கொமிசன். உங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்கு நீங்களே பேசி விற்றால் இவருக்குக் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, சோல் செல்லிங் றைற்ஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தன்மை வேறு. இதில் நீங்களே ஆளைப் பிடித்து உங்கள் தம்பிக்கு விற்றாலும் கொமிசன் கொடுக்க வேண்டும். எங்கட சனத்துக்கு இதுதான் ஆபத்து. ஏனென்றால் நாங்கள் கோயிலிலும் கலியாண வீட்டிலும் கதைத்தே பாதி வீட்டை விற்கிற ஆட்கள்.

மூன்றாவது, "றெடி, வில்லிங் அன்ட் ஏபிள் பேர்ச்சேசர்". வாங்கத் தயாராகவும் விருப்பமாகவும் வசதியாகவும் உள்ள ஒருவரை ஏஜென்ற் கொண்டுவந்துவிட்டால், பிறகு நீங்கள் விற்காமல் விட்டாலும் கொமிசன். ஊரில் தாய்க்குக் கடுமை என்று செய்தி வந்து விற்பனையை நிற்பாட்டினாலும் கொமிசன். இந்த வசனம் இல்லாத சாதாரண உடன்படிக்கையில், விற்பவர் ஒப்பந்தத்துக்கு முன் விலகினால் ஏஜென்றுக்குக் கொமிசன் இல்லை என்று 1941இலேயே பிரபுக்கள் சபை சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டத்தான் இப்படியான வசனத்தை எழுதுகிறார்கள். கண்டால் வெட்டச் சொல்லுங்கோ.

கணக்காகப் பார்ப்போம். வீடு 450,000 பவுணுக்கு விலைப்படுகிறது. கொமிசன் ஒன்றரை வீதம் என்றால் 6,750 பவுண். அதற்கு மேல் 20 வீத வற் வரி 1,350. மொத்தம் 8,100 பவுண். மணிக்கு 13 பவுண் சம்பளத்தில், கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்கிற ஒருவருக்கு, வரி கழிக்க முதலே அது பதினைந்து கிழமைக்கு மேலான உழைப்பு. ஒரு ஏஜென்றோடு எழுதிய காலம் முடிய முதல் இன்னொரு ஏஜென்ற் மூலம் விற்றால், இரண்டு பேரும் கேட்பார்கள். 16,200. முப்பது கிழமைக்கு மேலே இரவிரவாக நின்று உழைத்த காசு.

இப்படி ஒரு வழக்கு 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. ஃபொக்ஸ்ரன்ஸ் ஏஜென்சியிடம் ஒரு வீட்டைக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு விருப்பமில்லை என்று போய்விட்டார். பிறகு விற்பவர்கள் வேறொரு ஏஜென்சியையும் அமர்த்தினார்கள். அந்த ஏஜென்சி மூலம் அதே பெண் திரும்பி வந்து, அந்த வீடு அவருக்கே விலைப்பட்டது. விற்பவர்கள் இரண்டாவது ஏஜென்சிக்குக் கொமிசன் கொடுத்தார்கள். முதல் முதல் காட்டியது நாங்கள்தானே என்று ஃபொக்ஸ்ரன்ஸும் கேட்டது. வீட்டைக் காட்டுவது வேறு, ஆளை வாங்குபவராகக் கொண்டுவந்து விடுவது வேறு என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லி, இரண்டாவது கொமிசன் தேவையில்லை என்றார்கள். அவர்கள் வென்றார்கள். ஆனால் கீழ் நீதிமன்றத்தில் முதலில் தோற்றுத்தான் மேலே போனார்கள். அந்தத் தெம்பும் காசும் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மற்றப் பக்கமாக ஒரு வழக்கும் சொல்ல வேண்டும். வாயால் பேசியதுதானே, எழுத்து இல்லையே என்று ஏஜென்றை ஏமாற்றவும் முடியாது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. ரெலிபோனில் பேசி, கொமிசன் 2 வீதம் என்று சொன்ன ஏஜென்ற் ஒருவர் வாங்க ஆளைக் கொண்டுவந்தார். எந்த நேரத்தில் காசு கொடுப்பது என்று இருவரும் பேசவே இல்லை. அதனால் ஒப்பந்தமே இல்லை என்று விற்பவர் வாதாடினார். ஒப்பந்தம் இருக்கிறது, விற்பனை முடிந்ததும் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காத குற்றத்துக்காக ஏஜென்றின் கொமிசனில் மூன்றில் ஒரு பங்கு கீழ் நீதிமன்றத்தில் வெட்டுப்பட்டது, அது வெட்டுப்பட்டபடியே நின்றது. எழுதாமல் விட்டால் இரண்டு பகுதிக்கும் நட்டம் என்பதுதான் இதில் பாடம்.

கடல் கடந்த சொந்தங்களுக்காக ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் அண்ணனோ அக்காவோ இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே போய்க் குடியிருக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே தெரிந்ததை வைத்து அங்கே நடக்காதேங்கோ. அங்கே வாங்குபவரே ஒரு ஏஜென்றை அமர்த்தி, "இவ்வளவு காலத்துக்கு உங்கள் மூலம்தான் வாங்குவேன்" என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1ஆம் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஏஜென்ற் தன் கட்சிக்காரரோடு உடன்படிக்கையை எழுத்தில் செய்ய வேண்டும். அமெரிக்காவிலும், கொமிசன் சம்பந்தமான பெரிய வழக்கு ஒன்று சமரசமான பிறகு, 2024 ஓகஸ்ட் 17ஆம் திகதியிலிருந்து வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போக முதலே பெரும்பாலான ஏஜென்றுகள் எழுத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

அந்தக் கடதாசியின் பலம் என்ன? காலம் முடிய முதல் நீங்கள் வேறு ஏஜென்ற் மூலமோ, நேரடியாகவோ வாங்கினாலும் முதலாமவர் கொமிசன் கேட்கலாம். விற்பவர் பகுதி கொடுக்கும் கொமிசன் போதாவிட்டால் மிச்சத்தை நீங்கள் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கும். 900,000 டொலர் வீட்டுக்கு இரண்டரை வீதம் என்று எழுதிக் கொடுத்து, விற்பவர் 2 வீதம்தான் தந்தால், மிச்சம் 4,500 டொலர் உங்கள் கையால். வரி வேறு. காலம் முடிந்த பிறகும், அவர் காட்டிய வீட்டை இத்தனை நாளுக்குள் வாங்கினால் கொமிசன் என்று ஒரு பின்தவணையும் இருக்கும். "ஒரு வீட்டைத்தானே அண்ணா பாத்தனாங்கள், அதுக்கு ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுத்திட்டம்" என்று ரெலிபோனில் அழுத சகோதரியின் கதையை ஒரு நண்பர் எனக்குச் சொன்னார். காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு ஊருக்கு மட்டும், ஏன், ஒரு வீட்டுக்கு மட்டும் என்றும் எழுதுவிக்கலாம். அந்தச் சகோதரி அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் வந்தவர் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்களைக் கட்டிப்போடுவது ஆங்கிலம் மட்டுமில்லை, கூச்சமும்தான். "எங்கட ஆள், அவரிட்ட எப்பிடிக் கடதாசியை வீட்டை கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாறன் எண்டு கேக்கிறது?" கேளுங்கோ. நல்ல ஏஜென்ற் கோபிக்க மாட்டார். எங்கட இளம் ஆட்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களும் கேட்பவரைத்தான் மதிப்பார்கள். இப்பவே கையெழுத்து வேணும் என்று நிற்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "என்ன எழுதியிருக்கு, வாசி" என்று கேட்பதையும் விடுங்கோ. பாவம், அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், கொமிசன் தெரியாது. நாளைக்கு நட்டம் வந்தால் அந்தப் பிள்ளையின் மனந்தான் நோகும்.

கையெழுத்து வைக்க முன்னம் நான்கு கேள்வி கேளுங்கோ. இவர் யாருடைய ஆள்? எந்தத் திகதி வரைக்கும் நான் கட்டுப்படுகிறேன்? என்ன நடந்தால் நான் காசு கொடுக்க வேண்டும், எவ்வளவு? விலக வேண்டுமென்றால் எப்படி, எத்தனை நாள் முன்னறிவித்தல்? நாலுக்கும் மறுமொழியை அந்தக் கடதாசியிலேயே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ. பல உடன்படிக்கைகள் காலம் முடிந்தாலும் தானாக முடியாது. எழுத்தில் அறிவித்தால்தான் முடியும். அந்த அறிவித்தலின் பிரதியைப் பத்திரமாக வையுங்கோ.

கையெழுத்து வைத்தாகிவிட்டதா? அதற்கும் வழி இருக்கிறது. விற்பவராக நீங்கள் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்தோ, இன்ரநெற் வழியாகவோ கையெழுத்து வைத்திருந்தால், 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பொதுவாக 14 நாளுக்குள் விலகலாம். அந்த நாட்களுக்குள்ளேயே வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் செய்த வேலைக்குக் காசு கேட்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ. பிணக்கு வந்தால் முதலில் அந்த ஏஜென்சிக்கே எழுத்தில் முறையிடுங்கோ. எட்டுக் கிழமைக்குள் தீர்வு வராவிட்டால் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். வீடு விற்கும் ஏஜென்சி ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட முறைப்பாட்டுத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2008 ஒக்ரோபரிலிருந்து சட்டம். புரொப்பேட்டி ஒம்பட்ஸ்மன், புரொப்பேட்டி றிட்றெஸ் என்று இரண்டு திட்டங்கள். எங்களுக்கு அது இலவசம். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்திலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் சொலிசிற்றரிடமே போங்கோ, என் பேச்சை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

சீட்டுக் கட்டி, ஓவர்ரைம் செய்து, கலியாணத்து நகையையும் விற்று முன்பணம் சேர்க்கிறோம். ஊரில் விட்டுவந்த வீட்டுக்கு உறுதி இருந்தும் பலருக்கு அங்கே போய்ப் படுக்க வழியில்லாமல் போனது. இங்கே வாங்கும் வீட்டையாவது ஒரு பக்கக் கடதாசியால் கரைய விடக் கூடாது. வருகிற சித்திரைப் புத்தாண்டில் புதுவீடு புகப்போகும் குடும்பங்கள் எல்லாம் பால் பொங்கி, சிறப்பாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். கேள்விகள் இருந்தால் வெளியில் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் நிற்பேன், கடதாசியையும் கொண்டு வாருங்கோ.